பட்டணம் பார்க்கப் போகுமுன்: முதன்முறை டில்லி செல்வோருக்குச் சில மஸ்அலாக்களும் யோசனைகளும்

 

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் குடும்பத்தோடு பட்டணம் பார்க்கப் போகும் வழக்கம் நம்மவர்களிடையே பெருகி வருகிறது. இதில் தவறொன்றுமில்லை. பூமியில் சுற்றித் திரிந்து, முன் சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு குர்ஆன் ஷரீபு பல இடங்களில் தூண்டுகிறது. ஆனால் பெட்டியில் எதை எடுத்து வைப்பது என்று பத்து நாள் யோசிக்கும் நாம், தொழுகையை எப்படி எடுத்துச் செல்வது என்று பத்து நிமிடமும் யோசிப்பதில்லை. டில்லிக்கு முதன்முறையாகச் செல்லும் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம். வேறு பெரிய பட்டணங்களுக்குச் செல்வோருக்கும் இதில் பெரும்பகுதி உதவும், இன்ஷா அல்லாஹ்.

நமக்கு நேர்ந்த ஒரு வெட்கம்

பிறருக்குச் சொல்லுமுன் நம் தவற்றைச் சொல்லி விடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்தில் தாயார், மனைவி, பிள்ளைகளுடன் மூன்று நாள் பயணமாக டில்லி சென்றிருந்தோம். முதல் நாள் தங்குமிடத்தில் லுஹரை முடித்துக் கொண்டு செங்கோட்டை பார்க்கப் போனோம். பார்த்து விட்டு வெளியே வந்தபோது கடைத்தெருப் பள்ளி ஒன்றில் அஸருக்கு இகாமத் சொல்லும் நேரம். ஜமாஅத் தவறி விடக் கூடாதே என்று பெண்களைப் படிக்கட்டோரம் நிற்க வைத்து விட்டு ஓடிச் சென்று தொழுதோம். அந்தப் பள்ளியில் பெண்களுக்கு ஒளுச் செய்யவோ தொழவோ இடமில்லை. தங்குமிடத்துக்குப் போய்த் தொழுது கொள்ளட்டும் என்று எண்ணினோம். டில்லி நெரிசல் நம் எண்ணத்துக்குக் கட்டுப்படவில்லை. வண்டி நகராமல் நின்று கொண்டிருக்கும்போதே மஃரிப் பாங்கு கேட்டு விட்டது.

தாயார் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அறைக்கு வந்து அஸரைக் களாச் செய்து முடித்த பின் முஸல்லாவிலேயே உட்கார்ந்து அழுதார்கள். "வயசுக்கு வந்த நாள்லேருந்து நான் தெரிஞ்சு ஒரு வக்து விட்டதில்லை வாப்பா. கோட்டையைப் பார்க்க வந்து விட்டுட்டேனே" என்றார்கள்.

நாம் ஷாபிஈ மத்ஹபினர். அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு அறையிலேயே லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சேர்த்துத் தொழுதிருந்தால் தாயாருக்கு அந்தத் துக்கம் நேர்ந்திருக்காது. மதரஸாவில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். பெற்ற தாய்க்குச் சொல்லித் தரவில்லை! தன் ஜமாஅத்தைப் பேணி, தன் பொறுப்பில் உள்ளவர்களின் பர்ளைப் பாழாக்கிய ஒருவன் எழுதும் பாடம் இது என்று எண்ணிப் படியுங்கள்.

கஸ்ரு என்பது குறைவா?

மறுநாள் காலை தாயாருக்கு மஸ்அலாவை விளக்கியபோது, "வீட்டில் நாலு தொழுகிறவள் வெளியூரில் ரெண்டா தொழுவது? அல்லாஹ்விடம் கஞ்சத்தனம் பண்ணலாமா?" என்று கேட்டார்கள். நம் பெண்களில் பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு.

கஸ்ருத் தொழுகையின் சட்டம் அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனத்தில் வருகிறது. அவ்வசனத்தில் பகைவரைப் பற்றிய அச்சம் சொல்லப்பட்டிருக்கிறதே, அச்சம் நீங்கிய பிறகும் சுருக்கலாமா என்ற ஐயம் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கே எழுந்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். கொடுப்பவன் அல்லாஹ்வாக இருக்க, வாங்கிக் கொள்வதில் அடியானுக்கு என்ன கூச்சம்? இதைக் கேட்ட பிறகே தாயாரின் மனம் அமைதியடைந்தது.

இனி சட்டங்களைச் சுருக்கமாகக் காண்போம்.

1. நான்கு ரக்அத் உள்ள லுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றுமே இரண்டாகும். ஸுபுஹும் மஃரிபும் குறையா.

2. பயணத் தூரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் இருக்க வேண்டும். இரு மத்ஹபுகளின் கணக்கிலும் சிறு வேறுபாடு உண்டு. சென்னையிலிருந்து டில்லி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் என்பதால் இங்கே ஐயத்துக்கு இடமே இல்லை. சொந்த ஊரின் எல்லையைக் கடந்ததும் சலுகை தொடங்கும். திரும்பி வந்து எல்லைக்குள் நுழைந்ததும் முடியும்.

3. ஹனபி மத்ஹபில் முஸாபிர் சுருக்கித் தொழுவது வாஜிபு. ஷாபிஈ மத்ஹபில் அது சலுகை. இவ்வளவு நீண்ட பயணத்தில் சுருக்குவதே சிறப்பு. ஷாபிஈகள் தக்பீர் கட்டும்போதே கஸ்ருடைய நிய்யத்தைக் கொள்ள வேண்டும்.

4. தங்கும் நாட்களின் கணக்கைப் பலர் தவற விடுகிறார்கள். ஹனபி மத்ஹபில் ஓர் ஊரில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தால் முகீம் ஆவார். ஷாபிஈ மத்ஹபில் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தாலே முகீம் ஆவார். உதாரணமாக, சனிக்கிழமை சேர்ந்து புதன்கிழமை புறப்படுபவருக்கு நடுவே ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்றே நாள். அவர் முஸாபிர். வியாழக்கிழமை புறப்படுவதாக இருந்தால் நான்கு நாளாகி விடும். அந்த ஷாபிஈ டில்லியில் இறங்கியதுமே முழுமையாகத் தொழ வேண்டும். ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பார்த்துக் கொள்வது நல்லது.

5. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் முஸாபிரும் நான்காகவே தொழ வேண்டும். கடைசி இருப்பில் போய்ச் சேர்ந்தாலும் சட்டம் இதுதான். 'நான் பயணி' என்று இரண்டாவது ரக்அத்தில் ஸலாம் கொடுத்து விட்டு நகரும் சிலரைப் பார்க்கிறோம். அந்தத் தொழுகை நிறைவேறாது.

சேர்த்துத் தொழுவது

ஷாபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும், அவ்வாறே மஃரிபையும் இஷாவையும் முஸாபிர் சேர்த்துத் தொழலாம். முந்திய நேரத்தில் சேர்ப்பதானால் முதல் தொழுகையை முதலில் தொழ வேண்டும். அதை முடிக்குமுன் சேர்க்கும் நிய்யத் வந்து விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி கூடாது. பிந்திய நேரத்தில் சேர்ப்பதானால் முந்திய தொழுகையின் நேரம் முடிவதற்குள் 'பிற்படுத்திச் சேர்க்கிறேன்' என்ற நிய்யத் இருக்க வேண்டும். நிய்யத்தின்றி நேரத்தைக் கடத்தினால் அது களாவாகி விடும்.

ஹனபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் தவிர இவ்வாறு சேர்ப்பது இல்லை. ஆனால் லுஹரை அதன் கடைசி நேரத்திலும், அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுது கொள்ள வழியுண்டு. ஒரே ஒளுவில், ஒரே இடத்தில் இரண்டும் முடியும்; ஒவ்வொன்றும் தன் நேரத்திலேயே நிறைவேறும்.

ரயிலில் கிப்லா

சென்னையிலிருந்து டில்லிக்கு நேரடியாகப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டு ஏறக்குறைய 33 மணி நேரம் ஓடுகிறது. இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் ரயிலிலேயே கழியும். ஆகவே ஒரு நாளின் ஐவேளைத் தொழுகையும் ரயிலில்தான்.

ரயில் பொதுவாக வடக்கு நோக்கிச் செல்வதால் கிப்லா நமக்கு இடப்பக்கம் அமையும். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள இடமும் கிழக்கு மேற்காக இருப்பதால் நின்று தொழ வசதியாகவே இருக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. சென்னையில் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. டில்லியிலோ ஏறக்குறைய நேர் மேற்கு. நம்மூர்ப் பழக்கத்தில் அங்கேயும் வலப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டியதில்லை. தண்டவாளம் வளையும் இடங்களும் உண்டு. திசைகாட்டும் கருவியொன்றைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். கைப்பேசியிலும் அது கிடைக்கிறது.

பர்ளுத் தொழுகையை நின்று, கிப்லாவை நோக்கியே தொழ வேண்டும். இயன்றவர் உட்கார்ந்து தொழுதால் செல்லாது. நெரிசலால் நிற்கவோ திரும்பவோ வழியே இல்லையென்றால் இயன்றவாறு தொழுது நேரத்தைக் காப்பாற்றிப் பின்னர் மீட்டித் தொழ வேண்டும். ரயில் சற்று நேரம் நிற்கும் பெரிய நிலையங்கள் எவையென்று முன்கூட்டிப் பார்த்து வைத்தால் அங்கே அசைவின்றித் தொழலாம். ஆனால் வண்டியை விட்டு இறங்கித் தொழப் போய் வண்டியைத் தவற விட்டு விடாதீர்கள்!

உடன் வரும் பயணிகளிடம் இனிமையாக ஒரு வார்த்தை சொல்லி விட்டு இடத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நடைவழியை மறித்து முஸல்லா விரிப்பதும், கை கழுவும் தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் ஈரமாக்குவதும் முஸ்லிமுக்கு அழகல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். ஒரு பாட்டில் தண்ணீர் தாராளமாகப் போதும்.

வெள்ளிக்கிழமை புறப்படுவோர் கவனிக்க! ஸுபுஹு நேரம் வந்த பின் ஊரை விட்டுக் கிளம்பி, வழியிலும் ஜும்ஆ கிடைக்காமல் போகுமானால் அவ்வாறு புறப்படுவது ஷாபிஈ மத்ஹபில் கூடாது. ஸுபுஹுக்கு முன்பே கிளம்புங்கள். இல்லையேல் ஜும்ஆவை முடித்துக் கிளம்புங்கள்.

டில்லியின் நேரமும் வழக்கமும்

நம்மூர் தொழுகை நேர அட்டையை டில்லியில் நம்பாதீர்கள். ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் சூரிய உதயம் ஏறக்குறைய 6.30 மணி, டில்லியிலோ 7.15 மணி. அஸ்தமனம் டில்லியில் ஐந்தரை மணி வாக்கிலேயே ஆகி விடும். ஜூன் மாதத்தில் இதற்கு நேர்மாறு: சென்னையில் மஃரிப் 6.40 வாக்கில் என்றால் டில்லியில் 7.20க்கு மேல். குளிர்காலத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையேயுள்ள நேரம் மிகக் குறுகியது. நாம் ஏமாந்தது அங்கேதான்.

டில்லிப் பள்ளிகளில் பெரும்பாலும் ஹனபி மத்ஹபு முறையே நடக்கிறது. அஸர் பாங்கு ஷாபிஈ நேரத்தை விடப் பிந்தியே சொல்லப்படும். பாங்கை எதிர்பார்த்திருக்கும் ஷாபிஈப் பெண்கள், தங்கள் மத்ஹபில் அஸர் நேரம் முன்பே வந்து விட்டதை அறிந்து தொழுது கொள்ளலாம். ஸுபுஹில் இமாம் குனூத் ஓதாததைக் கண்டு பிள்ளைகள் குழம்பினால், இரண்டும் இமாம்களின் வழியே என்று விளக்குங்கள். அங்கே தொழுகையை 'நமாஸ்' என்றும், ஸுபுஹை 'ஃபஜர்' என்றும், ஒளுவை 'வுஜூ' என்றும் சொல்வார்கள். இந்த மூன்று சொல் தெரிந்தாலே வழி கேட்டு விடலாம்.

டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமை. மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். நவம்பரில் காற்று மாசு மிகும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் அப்போது போக வேண்டாம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடுவதுண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் முதியோருக்கு ஏற்றவை.

குளிரில் கால் கழுவுவது சிரமமாக இருந்தால் காலுறை மீது மஸ்ஹுச் செய்யும் சலுகை இருக்கிறது. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும். முஸாபிருக்கு மூன்று பகலும் மூன்று இரவும். முழு ஒளுவுடன் அணிந்திருக்க வேண்டும். கரண்டையை மூட வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்காததாக, நடப்பதற்குத் தாங்குவதாக இருக்க வேண்டும். சாதாரண மெல்லிய காலுறைகள் இதில் சேரா.

இடங்களைப் பார்க்கும் முறை

ஜாமிஆ மஸ்ஜிதிலிருந்து தொடங்குவதே நம் யோசனை. ஷாஜஹான் கட்டிய இப்பள்ளி 1656இல் நிறைவுற்றது. அதன் முற்றத்தில் ஏறக்குறைய 25,000 பேர் தொழலாம். 2017இல் அருகிலேயே அதே பெயரில் மெட்ரோ ரயில் நிலையமும் வந்து விட்டது. சாந்தினி சௌக்கின் மேற்கு முனையில் நிற்கும் பதேபூரி மஸ்ஜிதை 1650இல் கட்டியவர் ஷாஜஹானின் மனைவியருள் ஒருவரான பதேபூரி பேகம். ஒரு பெண் கட்டிய பள்ளி இது என்று நம் பெண் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்கள் 1325இல் மறைந்தார்கள். அவர்களுடைய சீடரான அமீர் குஸ்ரூ அவர்களின் அடக்கவிடமும் அதே வளாகத்தில்தான். மெஹ்ரௌலியில் குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் அடக்கவிடம் உள்ளது. 72 மீட்டருக்கு மேல் உயர்ந்த குதுப் மினாரும் அப்பகுதியில்தான். மதரஸாக்களில் இன்றளவும் பெயர் சொல்லப்படும் ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் (1703–1762) துயில்வதும் டில்லி மண்ணிலேயே. கப்ருகளில் ஸலாம் சொல்லி, துஆ செய்து, மறுமையை நினைத்துத் திரும்புங்கள். ஸஜ்தா அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. புகழ் பெற்ற ஸியாரத் தலங்களில் யாரேனும் ஏட்டை நீட்டிப் பணம் கேட்டால் மன நெருக்கடிக்கு ஆளாக வேண்டாம். விரும்பியதை உண்டியலில் போடுங்கள், அல்லது அங்குள்ள ஏழைக்குக் கொடுங்கள்.

தொல்லியல் துறையின் பொறுப்பில் நினைவுச் சின்னமாக உள்ள பழைய பள்ளிகள் பலவற்றில் தொழுகை அனுமதிக்கப்படுவதில்லை. அங்கே போய் தொழுது கொள்ளலாம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். செங்கோட்டை திங்கட்கிழமை மூடப்பட்டிருக்கும். ஆக்ராவுக்கும் போவோர் கவனத்துக்கு: தாஜ்மஹாலில் வெள்ளிக்கிழமை பார்வையாளருக்கு அனுமதி இல்லை.

குடும்பத் தலைவருக்குச் சில குறிப்புகள்

* காலையில் கிளம்புமுன், 'லுஹரும் அஸரும் எங்கே? பெண்கள் எங்கே தொழுவார்கள்?' என்ற கேள்விக்கு விடை காணுங்கள். விடை இல்லையென்றால் பார்க்கும் இடங்களில் ஒன்றைக் குறையுங்கள். இரண்டு இடம் பார்த்தால் போதும். மூன்றாவதை அடுத்த முறை பார்க்கலாம்.

* தங்குமிடம் பள்ளிக்கு அருகில் இருக்கட்டும். சுடுதண்ணீர் உண்டா என்று கேட்டு அறை எடுங்கள். பெரியவர் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை தேவை.

* ரயிலடியில் இறங்கியதும் 'உங்கள் விடுதி மூடி விட்டது, வேறிடம் காட்டுகிறேன்' என்று சொல்லி அழைக்கும் முகவர்களை நம்பாதீர்கள். முன்பணம் செலுத்தும் ஆட்டோ நிலையத்தைக் கேட்டுப் போங்கள்.

* மெட்ரோ ரயிலில் செல்லும் திசையின் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். அதில் ஏறும் நம் பெண்களிடம் இறங்கும் நிலையத்தின் பெயரை எழுதிக் கொடுத்து விடுங்கள்.

* பிள்ளைகளின் சட்டைப் பையில் கைப்பேசி எண்ணும் தங்குமிடத்தின் பெயரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஜாமிஆ மஸ்ஜிதுக்கு மூன்று வாசல்கள் உண்டு. பிரிந்து விட்டால் எந்த வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

* வடநாட்டில் 'ஜட்கா' இறைச்சி பரவலாக விற்கப்படுகிறது. ஒரே வெட்டில் கொல்லப்பட்டது அது, நமக்கு ஆகுமானதன்று. ஹலாலா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஐயமிருந்தால் காய்கறி உணவே போதும்.

* அறையில் தங்கும்போது குடும்பத்தலைவர் இமாமாக நின்று வீட்டாரைப் பின்னால் நிறுத்தி ஜமாஅத்தாகத் தொழுங்கள். எல்லோரும் முஸாபிர் ஆதலால் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுக்கலாம். ஊரில் கடை, வேலை என்று பிரிந்திருக்கும் குடும்பத்துக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு.

முடிவாக

ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, அவரவர் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியின் கருத்தை மிம்பரில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அதன் பொருள் தாயாரின் கண்ணீரைக் கண்ட அன்றிரவுதான் நமக்கு விளங்கியது. மறுநாள் அறையிலேயே லுஹரையும் அஸரையும் நம்மைப் பின்பற்றிச் சேர்த்துத் தொழுது விட்டு, தாயார் ஜாமிஆ மஸ்ஜிதின் முற்றத்தில் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக அமர்ந்திருந்தார்கள். அவசரமும் இல்லை, அச்சமும் இல்லை. ஊர் திரும்பிய பின், பயணம் கிளம்பும் தெருப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த மஸ்அலாவை அவர்களே சொல்லிக் கொடுத்து வருகிறார்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்த ஆண்கள், பயணப் பெட்டியைக் கட்டுமுன் இதை வீட்டிலுள்ள பெண்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தங்கள் மத்ஹபின் சட்டத்தில் ஐயம் எழுந்தால் ஊரிலுள்ள ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நம் பயணங்களை நலமானவையாகவும், நம் தொழுகைகளை ஏற்கப்பட்டவையாகவும் அல்லாஹுத்தஆலா ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.